தொற்றுநோய் காலத்தில் பிரிந்து வாழும் பெற்றோர்: குழந்தையைப் பார்க்கும் உரிமை என்ன ஆகும்?

மாதத்தில் இரண்டு ஞாயிறு குழந்தை அப்பாவிடம் இருக்கலாம் என்று ஒரு நீதிமன்ற உத்தரவு உங்களிடம் இருக்கிறது என வைத்துக்கொள்வோம். 2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. பஸ் இல்லை, ரயில் இல்லை. பலருக்குச் சந்திப்பு இடமாக இருந்த நீதிமன்ற வளாகத்துக்கும் போக முடியவில்லை. "ஊரே அடைச்சிருக்கு, பிள்ளைய எப்படி அனுப்புறது?" என்று அம்மா கேட்டால் அதில் நியாயம் இருந்தது. அதையே சாக்காக வைத்து மாதக்கணக்கில் போனைக்கூட எடுக்காவிட்டால்?

அங்கேதான் சிக்கல். ஊரடங்கு வந்ததால் நீதிமன்ற உத்தரவு ரத்தாகிவிடாது. 2020 ஏப்ரலில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கே போனது. நேரில் பார்க்க முடியாத நாட்களில் போன், வீடியோ கால் வழியாகக் குழந்தையோடு பேச இரு தரப்பும் ஏற்பாடு செய்துகொள்ளலாம், ஒத்துவராவிட்டால் குடும்ப நல நீதிமன்றத்தை அணுகலாம் என்றது நீதிமன்றம்.

இதற்கு அடித்தளம் கொரோனாவுக்கு முன்பே போடப்பட்டுவிட்டது. 2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில், நேரில் பார்க்கும் உரிமை வேறு, தொடர்பில் இருக்கும் உரிமை வேறு என்று உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. குழந்தை யாரிடம் இல்லையோ அவர் தினமும் 5 முதல் 10 நிமிடம் அதனோடு பேசலாம். இது நேர்ச் சந்திப்போடு கூடுதலாகக் கிடைப்பது. "அதான் வீடியோ கால்ல பேசுறீங்களே, நேர்ல எதுக்கு?" என்று பிறகு யாராவது கேட்டால், அந்த வாதம் நிற்காது. இரண்டு வயதுக் குழந்தையை வீடியோ காலில் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி நேரம் மின்விசிறிதான் தெரியும்!

பார்க்க முடியாமல் போன நாட்களுக்கு ஈடாக வேறு நாட்கள் கேட்டு மனு போடலாம். தருவதா வேண்டாமா என்பதைக் குழந்தையின் நலனை வைத்து நீதிபதி முடிவு செய்வார். அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும், எடுக்கப்படாத அழைப்புகளின் பதிவையும் அழிக்காமல் வையுங்கள்.

அடுத்தது ஜீவனாம்சம். வேலை போய்விட்டது என்றால் தொகையைத் தானாகக் குறைத்துக்கொள்ள முடியாது. சூழ்நிலை மாறியதை நிரூபித்து, உத்தரவை மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். புதிய உத்தரவு வரும்வரை பழைய தொகை நிலுவையாக ஏறிக்கொண்டே இருக்கும். சம்பளம் உண்மையிலேயே நின்றுபோனவர்கள் பலர் இது தெரியாமல் சும்மா இருந்து, பெரிய நிலுவையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பணம் வராமல் காத்திருப்பவருக்கும் ஒரு கெடு உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆவது பிரிவின்படி (இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 144) வாங்கிய உத்தரவு என்றால், தொகை தர வேண்டிய நாளிலிருந்து 1 வருடத்துக்குள் வசூலிக்க மனு போட்டாக வேண்டும்.