எட்டுக் கம்பியும் ஒரு பாட்டும்

மச்சினன் வீடு கட்டுகிறான். சுவர் எழும்பிவிட்டது, பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வந்தவன் கையில் ஒரு விலைப்பட்டியல். ஹாலில் டிவி, ஆம்ப்ளிஃபயர், மாடியில் பாட்டுக்கென்றே ஓர் அறை. எல்லாவற்றுக்கும் எட்டுக் கம்பி நெட்வொர்க் ஒயர் இழுக்க வேண்டும். அந்த ஒயரின் ரகத்தைச் சொல்வது 'கேட்' எண். "அத்தான், கேட் 8 போட்டா பாட்டு இன்னும் துல்லியமா கேக்குமாமே? வெள்ளி முலாம் பூசினதுகூட இருக்காம்" என்றான்.

பதில் சொல்லாமல் ஒரு பாட்டைப் போட்டேன். என் ஸ்ட்ரீமர் பெட்டிக்கு ரவுட்டரிலிருந்து ஒயர்தான் வருகிறது. பல்லவி முடிந்து இடையிசை வந்ததும் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு ஒயரைப் பிடுங்கி அவன் மடியில் போட்டேன். பாட்டு நிற்கவில்லை. இடையிசை முடிந்து சரணமும் பாதி ஓடிவிட்டது. அவன் ஒயரைப் பார்க்கிறான், ஸ்பீக்கரைப் பார்க்கிறான்.

பெட்டிக்குள் ஒரு மேல்தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒயர் என்பது மோட்டாரிலிருந்து தொட்டிக்குப் போகிற குழாய். குளியலறையில் நாம் திறக்கும் தண்ணீர் தொட்டியிலிருந்துதான் வருகிறது. காதில் விழும் ஸ்வரம் ஒயரைத் தாண்டி எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. அதுவும் சும்மா வருவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாக வரும். ஒவ்வொன்றின் வாலிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று உண்டு. கணக்கு உதைத்தால் பொட்டலம் குப்பைக்கு. அனுப்பியவரிடமிருந்து அதையே பெட்டி மறுபடி வாங்கிக்கொள்ளும். ஆகவே ஒயர் மோசமென்றால் வயலின் மங்கிக் கேட்காது. பாட்டு திக்கும், நிற்கும். படமென்றால் நடுவில் வட்டம் சுற்றும்.

இருந்தும் 2008 வாக்கில் டெனான் நிறுவனம் தன் பிளேயரையும் ரிசீவரையும் இணைக்க இதே எட்டுக் கம்பி ஒயரை, ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு, 499 டாலர் விலை வைத்து விற்றது. எந்தப் பக்கமாகச் சொருக வேண்டும் என்று அதில் அம்புக்குறி வேறு. இணையத்தில் அதற்குக் கிடைத்த கேலி கொஞ்சநஞ்சமல்ல.

சரி, எவ்வளவுதான் ஓட வேண்டும்? சிடி தரத்துப் பாட்டுக்கு நொடிக்கு 1.4 மெகாபிட். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெருமையாகப் போடுகிறார்களே, அதற்கே ஒன்பது சொச்சம்தான். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15. பழைய கேட் 5இ ஒயரே நூறு மீட்டர் தூரத்துக்கு 1000 மெகாபிட் கொண்டுபோகும். இதில் ஒரு வேடிக்கை: பல டிவிகளின் லேன் துளை 100 மெகாபிட்தான். பின்னால் என்ன ஒயரைச் சொருகினாலும் அதற்கு மேல் போகாது. 4கே புளூரேயை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துப் பார்ப்பவர்களுக்கு மட்டும் இது இடிக்கும். அதன் உச்சம் 128 வரை போகும். அவர்கள் டிவியை வைஃபையில் விடுவது சில சமயம் மேல்.

கேட் 8 டேட்டா சென்டர் அலமாரிகளுக்காக வந்தது. அதன் முழு வேகமும் 30 மீட்டருக்குள்தான். விறைப்பாக இருக்கும், சுவருக்குள் பதிக்கும் குழாயின் வளைவில் சுலபமாகத் திரும்பாது. கேட் 7 வாங்கவே வேண்டாம். வீட்டுக்கு கேட் 6 போதும். 10 ஜிகாபிட்டே வந்தாலும் ஐம்பது மீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். நம் வீடுகளில் அதைவிட நீளமாக எங்கே இழுக்கப்போகிறோம்? உள்ளே ஃபாயில் சுற்றிய ஷீல்டு ஒயருக்கும் ஆசைப்பட வேண்டாம். எர்த் ஒழுங்காக இல்லாத வீட்டில் இரண்டு முனையிலும் உலோக பிளக் மாட்டினால், அந்த ஃபாயில் வழியாகவே ஆம்ப்ளிஃபயரில் 'உம்' என்று இரைச்சல் புகலாம். சாதா ஒயரில் அந்தத் தொல்லை இல்லை.

ஏமாறுகிற இடம் வேறு. மலிவு ஒயர்களில் கம்பி அலுமினியம். மேலே செம்புப் பூச்சு. பெட்டியில் பொடி எழுத்தில் 'சிசிஏ' என்று இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. நான் ஒரு காலத்தில் வாங்கி ஏமாந்த ஒயரின் மிச்சத்தை எடுத்து, உறையை உரித்து ஒரு கம்பியை பிளேடால் சுரண்டினேன். உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. நாலு தடவை வளைத்ததும் பட்டென்று முறிந்தது. பக்கத்தில் நல்ல செம்புக் கம்பி. சுரண்டச் சுரண்டச் சிவப்பு. அலுமினியம் செம்பைப் போல ஐந்தில் மூன்று பங்குதான் மின்சாரத்தைக் கடத்தும். நாளைக்குக் கேமராவுக்கோ கூரையில் மாட்டும் வைஃபை பெட்டிக்கோ அதே ஒயரில் கரண்ட்டும் அனுப்பினால் சூடேறும். சுவருக்குள் போய்விட்டால் பிறகு யார் பார்ப்பது?

குழாய் விஷயத்தில்தான் அவனோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கரண்ட் ஒயர் போகிற குழாயிலேயே இதையும் திணித்தால் செலவு மிச்சம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னாராம். கூடவே கூடாது. தனிக் குழாய், 25 மில்லிமீட்டர், ஓரடி தள்ளி. குறுக்கே வெட்டிப்போக நேர்ந்தால் செங்குத்தாக. டிவி இருக்கும் இடத்துக்கு இரண்டு ஒயர், கூடவே ஒரு நைலான் கயிறும் உள்ளே கிடக்கட்டும். பத்து வருஷம் கழித்து வேறு ஒயர் வந்தால் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக பிளக். 100 மெகாபிட்டுக்கு நாலு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலக் கம்பி ஒன்று சரியாக உட்காராவிட்டால் வேகம் சத்தமில்லாமல் பத்தில் ஒன்றாக இறங்கிவிடக்கூடும். படமும் ஓடும், யாருக்கும் தெரியாது. அதனால் வரிசையை விலைப்பட்டியலின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை.

"பச்சைக்கு நடுவுல நீலம் ஏன் அத்தான் வந்து உக்காருது?" என்றான். அது பழைய டெலிபோன் காலத்துக் கதை. இன்னொரு டீ போடச் சொன்னேன்.