உங்களுக்குத் தெரியுமா? கடாரத்தரசர் விகாரமும் காவிரி நெல்லும்

சீர்காழியிலிருந்து தரங்கம்பாடி வழியே கடலோரமாகத் தெற்கே சென்றால் வரும் நாகப்பட்டினத்தில், சுமத்ராவிலிருந்த ஸ்ரீவிஜயத்தையும் மலாய்த் தீபகற்பத்திலிருந்த கடாரத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் பௌத்த விகாரமொன்று எடுப்பித்தான் என்பதும், பரம சைவனாகிய சோழ மன்னன் முதலாம் ராஜராஜன் 1006-ஆம் ஆண்டு வாக்கில் ஆனைமங்கலம் என்னும் கிராமத்தின் வருவாயை அதற்குத் தானமாக அளித்தான் என்பதும் உங்களுக்குத் தெரியுமா?

அத்தானத்தைச் செப்பேட்டில் பொறிப்பித்து நிலைநிறுத்தியவன் அவன் மைந்தன் ராஜேந்திரன். நெதர்லாந்தின் லெய்டன் நகர்ப் பெயரால் வழங்கும் அந்த 21 ஏடுகள், பெண் யானையை நடத்தி ஊரெல்லை வகுத்த விதத்தையும், விகாரத்துக்குரிய 8,943 கலத்துக்கும் மேற்பட்ட நெல்லை நாழிக் கணக்கும் பிசகாமல் வரையறுத்த விதத்தையும் உரைக்கின்றன. காவிரி நீர் விளைத்த நெல், கடல் கடந்த மன்னனின் தர்மத்தைப் போஷித்தது எத்துணை உயர்ந்த ராஜதந்திரம்!

அதே ராஜேந்திரனின் கடற்படை 1025-இல் கடாரத்தைத் தாக்கியது. சீன வாணிபத்துக்குரிய கடல்வழியின் ஆதிக்கமே அதற்குக் காரணமென்று சரித்திர ஆசிரியர் பலர் கருதுவர். ஆயினும் உறவு அற்றுப்போகவில்லை. 1090-இல் கடாரத்தரசனின் தூதர் இருவர் வந்து விண்ணப்பிக்க, சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கன் விகாரத்துக்குரிய ஊர்களின் வரிச்சலுகைகளை மீண்டும் செப்பேட்டில் உறுதிசெய்து கொடுத்தான்.