குடிப்பவர் கையில் சோதனைக் குடுவை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டதைப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். 1980களில் உப்பனாற்றை ஒட்டி மருந்து, சாயம், பூச்சிமருந்து ஆலைகள் எழுந்த பகுதி இது. குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்க்காரர்கள் நாற்றத்தைப் பற்றியும் கெட்டுப்போன தண்ணீரைப் பற்றியும் பல ஆண்டுகள் மனுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆதாரம் கேட்கப்பட்டது. ஆனால் ஆதாரத்தைத் திரட்டும் கருவியும் ஆய்வகமும் அரசிடமும் ஆலைகளிடமும்தான் இருந்தன. மாசுப் பிரச்சினையின் பாதி இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பேன். அந்த நீரைக் குடிப்பவர்களுக்கே அதைச் சோதிக்கும் வசதி இல்லாதவரை எந்தச் சட்டமும் முழுதாக வேலை செய்யாது.

2004இல் இது கொஞ்சம் மாறியது. ‘சிப்காட் பகுதி சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்’ என்று கிராமத்தினர் சிலர் ஒன்றுசேர்ந்தார்கள். நாற்றம் வந்த நேரத்தையும் காற்றடித்த திசையையும் குறித்து வைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் தனிவகைப் பை, அவ்வளவுதான் கருவி. அமெரிக்காவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே வசித்தவர்கள் 1990களில் பயன்படுத்தத் தொடங்கிய முறை அது. கடலூர்க் காற்று அங்குள்ள ஆய்வகத்துக்குப் போனது. 22 நச்சுப் பொருள்கள் இருப்பதாக முடிவு வந்தது. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. அதுவரை அரசு இவற்றைப் பார்க்காததற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. தூசி, கந்தக டை ஆக்சைடு போன்ற சிலவற்றைத்தான் வழக்கமான சோதனை அளந்தது. பென்சீனுக்குத் தேசியக் காற்றுத்தர வரம்பு வந்ததே 2009இல்தான். பட்டியலில் இல்லாத விஷம் அறிக்கையில் எப்படி வரும்?

படிக்காதவர்கள் எடுத்த மாதிரியை நம்பலாமா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவர்கள் செய்தது மாதிரி எடுத்தது மட்டுமே, பகுப்பாய்வு ஆய்வகத்தினுடையது. பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கேட்டு நாக்பூரின் ‘நீரி’ நிறுவனம் செய்த ஆய்வு, இப்பகுதியினருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது 2000 மடங்கு அதிகம் என்று கணக்கிட்டது. இது அபாயக் கணக்கு, நோயாளிகளின் எண்ணிக்கை அல்ல. மேடைகளில் இந்த வேறுபாடு மறந்துவிடுகிறது, அது ஊர்க்காரர்களின் வாதத்துக்கு நல்லதல்ல. அடுத்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குறியீட்டில் கடலூர் 77.45 புள்ளி பெற்றது. 70ஐத் தாண்டினாலே ‘மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி’. காற்று, நீர், நிலம் மூன்றுமே கெட்டிருப்பதாக அது சொன்னது. 2010 ஜனவரியில் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் தற்காலிகத் தடை வந்தது. வேலை போய்விடும் என்ற அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. அந்த ஆலைகளில் கூலி வாங்குபவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். ஆனால் சோதனை எந்த ஆலையையும் மூடுவதில்லை. கழிவை எங்கே விடுகிறது என்று கேட்கிறது, அவ்வளவுதான்.

மக்களே சோதிக்கலாம் என்பதை அரசும் இன்று ஏற்றுக்கொண்டுவிட்டது. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரச் சொல்கிறார்கள். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு ஆகியவற்றை அது காட்டும். பாதரசத்தையோ ஆலைக் கரைப்பான்களையோ காட்டாது. ஆலைகளுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் அருகே குடியிருப்பவர்கள் அஞ்சுவது அவற்றைத்தான். தவிர, இது ஊராட்சிகளுக்கான திட்டம். இதே மாவட்டத்து மங்கலம்பேட்டை பேரூராட்சி என்பதால் இதற்குள் வராது. ஆனால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி யாரும் தண்ணீரைச் சோதிக்கலாம். மங்கலம்பேட்டைக்காரர்களே, கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை உங்கள் தெரு போர்வெல் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வரும் முடிவைப் பேரூராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.