நீதிமானும் பனையும்

உவமை சொல்லும் புலவன் தன் நிலத்தில் நிற்கும் பொருளையே எடுத்தாளுவான். அதனைப் பிறமொழிக்குக் கொண்டுசெல்பவனோ, சிலபோது தன் நிலத்துப் பொருளொன்றை அதன் இடத்தில் நிறுத்த நேரிடும். அங்ஙனம் நிறுத்துங்கால் கருத்துச் சிதையுமா, சிறக்குமா? கிறிஸ்தவ வேதாகமத்தின் 92ஆம் சங்கீதம் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்றதோர் இடமாகும்.

ஓய்வுநாட் பாட்டு எனத் தலைப்புப் பெற்ற அச்சங்கீதம், தீயோரைப் புல்லுக்கும் நீதிமானை இரு மரங்களுக்கும் ஒப்பிடுகின்றது. அவற்றுள் ஒன்று லீபனோன் மலைக் கேதுரு. மற்றையது எபிரேய மூலத்தில் ‘தாமார்’, அஃதாவது பேரீச்சை. நம்மவர் நெடுங்காலம் ஓதிவந்த பழைய மொழிபெயர்ப்பு அதனைப் பனை என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் பேரீச்சை என்றே கூறும். மரநூலார் நோக்கிற் பின்னதே பொருத்தமாகும்.

ஆயினும் பழைய மொழிபெயர்ப்பாளரை எளிதிற் குறைகூறல் ஆகாது. இரு மரங்களும் கிளை பரப்பாது நிமிர்ந்து உயர்வன, கொடுவெயிலைத் தாங்குவன, ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறாய் உள்ளன. அன்றியும், பனை என்றவுடன் தமிழ் கற்றார் உள்ளத்தில் நாலடியார் எழுகின்றது. நட்பினரை மூவகைப்படுத்திய அந்நூல், கடையாயார்க்குக் கமுகையும், இடையாயார்க்குத் தெங்கையும், தலையாயார்க்குப் பனையையும் உவமை கூறிற்று. நாள்தோறும் நீர் வேண்டுவது கமுகு. இடையிடையே வேண்டுவது தெங்கு. விதையூன்றிய நாளில் இட்டதே போதுமென நிற்பது பனை. கைம்மாறு கருதாது பயன்தரும் சான்றோனுக்கு இதனினும் இனிய உவமை நம் நாட்டில் எது?

எனினும் இங்கே ஓர் இடருமுண்டு. எவரும் நீரூற்றாது வளரும் பனையை எண்ணும் மாணவன், நீதிமானும் எவர் துணையும் வேண்டாது தன் வலியாலேயே நிற்பவன் எனக் கொண்டுவிடக்கூடும். மூலத்தின் கருத்து அஃதன்று. பாலையிலே பேரீச்சை எங்கே தழைத்து நிற்கின்றதோ, அங்கே நிலத்தடியில் நீருண்டு. எகிப்தினின்றும் புறப்பட்ட இஸ்ரவேலர் ஏலீமில் பாளையமிறங்கியபோது, பன்னிரண்டு நீரூற்றுக்களையும் எழுபது பேரீச்சைகளையும் ஒருங்கே கண்டனர் என யாத்திராகமம் கூறுகின்றது. முதலாஞ் சங்கீதமும் நீதிமானை நீர்க்கால்களின் ஓரத்து மரமாகவே காட்டும். ஆண்டு வரும் எபிரேயச் சொல், பெயர்த்து நடப்பட்டது என்னும் பொருளுடையது. ஆகவே அது தானே முளைத்த மரமன்று. நட்டவர் ஒருவர் உளர். நீரைக் கொணர்ந்தவரும் உளர். கிறிஸ்தவ நெறியில் நீதி என்பது ஒருவன் தானே ஈட்டிய பெருமையன்று. பெற்ற அருள் கனியாய் வெளிப்படுதலேயாம்.

கனி வெளிப்படாவிடின் என் செய்வது? லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் இதற்கு விடைபோல ஓர் உவமைக்கதை வருகின்றது. மூன்றாண்டாய்க் கனி காணாத அத்திமரத்தை வெட்டிவிடுமாறு உடையவன் பணிக்கின்றான். தோட்டக்காரனோ, சுற்றிலும் கொத்தி எருவிடுவதாகக் கூறி, இன்னும் ஓராண்டு தவணை வேண்டி நிற்கின்றான். அம்மரம் பின்னர்க் காய்த்ததா, இல்லையா? இயேசு அதனைச் சொல்லாது கதையை நிறுத்திவிட்டார். எஞ்சியதைக் கேட்போர் தத்தம் வாழ்விலே நிறைவுசெய்ய வேண்டும் போலும். மாணாக்கனொருவனை ‘உதவான்’ என ஒதுக்க முற்படும் ஆசிரியர், அத்தோட்டக்காரனை ஒருகால் நினைவுகூர்தல் நன்று.

92ஆம் சங்கீதத்தின் முடிவு முதுமையைப் பற்றியது. நீதிமான் நரைத்த காலத்தும் கனி தருவான் என்பதே அதன் கருத்து. பேரீச்சையும் பனையும் பல்லாண்டு பொறுத்த பின்னரே பயன்தரத் தொடங்குவன. தொடங்கியபின் நெடுங்காலம் தருவன. ஆதலின் இப்பகுதியைக் கற்பிப்போர் பனையை விலக்கவும் வேண்டா, பேரீச்சையை மறைக்கவும் வேண்டா. கேளாது கொடுக்கும் இயல்பைப் பனை கற்பிக்கட்டும். கொடுப்பதெல்லாம் முன்னர்ப் பெற்றதே என்னும் பணிவைப் பேரீச்சை கற்பிக்கட்டும். இவ்விரண்டும் ஒருவனிடத்தே கூடுமாயின், அவனே நீதிமான்.