மறதியும் பரீக்ஷையும்

பரீக்ஷைக் காலம் நெருங்கியதும் நம் பிள்ளைகள் விடிய விடியப் புஸ்தகத்தைப் புரட்டுகின்றனர். ஒரே பக்கத்தைப் பத்து முறை வாசிப்பதை உழைப்பென்று பெற்றோரும் மெச்சுகின்றனர். இவ்வுழைப்பில் பெரும்பகுதி வீணென்பதே நமது அபிப்பிராயம்.

1885-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் எப்பிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து மறதியை அளந்து காட்டினார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் நடத்திய சோதனை இன்னும் தெளிவானது. ஒரு பகுதியை இருமுறை வாசித்த மாணாக்கர் ஒரு வாரத்திற்குப் பின் 42 சதவிகிதமே நினைவுகூர்ந்தனர். ஒரு முறை வாசித்துவிட்டு, பாராமல் எழுதிப் பார்த்தவரோ 56 சதவிகிதம். ஆனால் ஐந்து நிமிஷத்தில் கேட்டபோது இருமுறை வாசித்தவரே முந்தினர்! பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான்.

நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளையிடம் ஏடு பாராமல் பாடம் ஒப்புவித்தனர். அங்கே பொருளறியாக் கிளிப்பிள்ளைத்தனமும் பிரம்படியும் இருந்தன. அவை திரும்ப வேண்டா. ஒப்புவித்தலை மட்டும் மீட்கலாம்.

தனிப் போதனைக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது காசில்லா உபாயம். கிராமங்களில் படிப்பகம் நடத்தும் தொண்டர்கள் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளை இருவர் இருவராக அமர்த்தி, அன்றைய பாடத்தையும் சென்ற வாரப் பாடத்தையும் ஒருவரையொருவர் கேட்கச் செய்யட்டும். பிழையை உடனே புஸ்தகம் பார்த்துத் திருத்த வேண்டும். மார்ச்சு மாதப் பொதுப் பரீக்ஷைக்கு இவ்வேலை ஆடியிலேயே தொடங்கத் தக்கது.