சூரியனில் தேடப்பட்ட ருபீடியம்

ஓர் அணுவினின்று ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க வேண்டிய சக்தியை அயனியாக்கும் சக்தி என்பர். ஆவர்த்தன அட்டவணையில் இடமிருந்து வலமாகச் செல்லுந்தோறும் இது பொதுவாக உயரும். ஒரு தொகுதியில் கீழ்நோக்கி இறங்குந்தோறும் குறையும். கார உலோகங்களில் சோடியத்திற்கு 5.14, பொட்டாசியத்திற்கு 4.34, ருபீடியத்திற்கு 4.18, சீசியத்திற்கு 3.89 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். வெளி எலக்ட்ரான் அணுக்கருவை விட்டு விலக விலக, அதன்மீதுள்ள பிடி தளர்கின்றது. மாணவர் மனப்பாடம் செய்து மறந்துவிடும் இவ்வெண்களே சூரிய ஒளியைப் படித்தறியத் துணையாயின.

சூரிய கிரகணங்களின்போது நிறமண்டலத்தை ஆராய்ந்தோரை ஒரு புதிர் மயக்கியது. கால்சியத்தின் ஊதாக் கோடுகள் இரண்டு, சூரியப் பரப்பிற்கு மேல் சுமார் 14,000 கிலோமீட்டர் வரை தென்பட்டன. அதே கால்சியத்தின் வேறொரு கோடோ மிகத் தாழ்விலேயே மறைந்தது. ஒரே தனிமம் இவ்வாறு நடப்பானேன்?

1920-இல் கல்கத்தாப் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியைச் சேர்ந்த மேகநாத சாஹா விடை கண்டார். உயரத்தில் தோன்றும் கோடுகள் எலக்ட்ரான் ஒன்றை இழந்த கால்சிய அயனிக்கு உரியவை. கால்சியம் அயனியாவதையும், மீண்டும் எலக்ட்ரானைப் பெறுவதையும் அவர் இருதிசை இரசாயன வினை போலவே கணக்கிட்டார். வெப்பநிலை, அழுத்தம், அயனியாக்கும் சக்தி ஆகிய மூன்றும் தெரிந்தால் எத்தனை விழுக்காடு அணுக்கள் அயனிகளாகும் என்பது தெரிந்துவிடும்.

இங்கு ஆசிரியர்கள் ஓர் ஐயத்தை எதிர்பார்க்கலாம். சுமார் 5,800 கெல்வின் வெப்பநிலையிலும் ஒரு துகளின் சராசரி இயக்கச் சக்தி ஓர் எலக்ட்ரான் வோல்ட்டைக்கூட எட்டுவதில்லை. கால்சியத்திற்கு வேண்டியதோ 6.11. ஆயினும் சராசரியை மிஞ்சிய துகள்களும் கதிர்களும் சில எப்போதும் உண்டு. அழுத்தம் குறைந்த இடத்தில், பிரிந்த எலக்ட்ரானுக்கு மீண்டும் ஓர் அயனி எளிதில் அகப்படுவதும் இல்லை.

இக்கொள்கைக்கு ஒரு சோதனையும் வாய்த்தது. ருபீடியக் கோடுகள் சூரிய நிறமாலையில் அதுவரை காணப்படவில்லை. அத்தனிமம் அங்கு இல்லாமையால் அன்று, பெரும்பாலும் அயனியாகிவிட்டமையாலேயே அவை புலப்படவில்லை என்றார் சாஹா. வெப்பம் குறைந்த சூரியக் களங்கங்களில் தேடுமாறு கூறினார். 1922-இல் அமெரிக்க வானநூலார் ரஸ்ஸல் களங்கங்களின் நிறமாலையில் ருபீடியத்தைக் கண்டார்.

எலக்ட்ரானை ஏற்கும் இயல்பும் சூரியனில் தொழிற்படுகின்றது. அணுவொன்று மிகையான எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவிடும் சக்தி எலக்ட்ரான் நாட்டம் எனப்படும். இதில் ஹாலஜன்கள் முதன்மையானவை, குளோரினுக்கு 3.61, அதற்கு மேலுள்ள புளோரினுக்கு 3.40. புளோரின் அணு மிகச் சிறியதாதலின் அங்கு எலக்ட்ரான் நெருக்கடி மிகுதி. ஹைட்ரஜனுக்கு 0.75 மட்டுமே. ஆனால் இத்தளர்ந்த பிடியே பயன் விளைத்தது. 1939-இல் ருபெர்ட் வில்ட், சூரியனில் எதிர்மின் ஹைட்ரஜன் அயனிகள் ஒளியை உறிஞ்சுகின்றன என்று எடுத்துரைத்தார். அந்த உறிஞ்சலின் அளவைச் சந்திரசேகர் 1940-களில் கணக்கிட்டார். கண்ணுக்குப் புலனாகும் எந்த நிற ஒளிக்கும் இவ்வயனியைக் குலைக்கப் போதிய சக்தியுண்டு. அயனி மீண்டும் உருவாகும்போது அதே நிறங்கள் தொடர்ச்சியாக வெளிப்படுகின்றன. கோடிக்கணக்கான ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றாகவே இவ்வயனி உளது. அதற்கு வேண்டிய எலக்ட்ரான்களை எளிதில் அயனியாகும் மெக்னீசியம், இரும்பு, சிலிக்கன் போன்றவை அளிக்கின்றன. நம்மை வந்தடையும் பகலொளியிற் பெரும்பகுதி அவ்வயனியிலிருந்து புறப்பட்டதே.