எலுமிச்சை இன மரங்களின் வேர் உட்பூசணம்

வேர் உட்பூசணம் என்பது எலுமிச்சை, சாத்துக்குடி, நாரத்தை, கமலா ஆரஞ்சு முதலிய மரங்களின் வேர்களுக்குள் வாழ்ந்து, மரத்துக்கு உதவித் தானும் பயன்பெறும் பூஞ்சையாகும். இந்தக் கூட்டுவாழ்வு மைக்கோரைசா எனப்படுகிறது. பூஞ்சை, வேர் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இப்பெயரை 1885இல் உருவாக்கியவர் செருமானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்னார்டு பிராங்க்.

செயற்படும் முறை

மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேரைச் சுற்றியுள்ள மணிச்சத்து தீர்ந்ததும், சற்றுத் தள்ளி இருப்பது வேருக்கு எட்டுவதில்லை. எலுமிச்சை இன மரங்களுக்கு வேர்த்தூவிகள் குறைவு, இருப்பவையும் குட்டையானவை. எனவே இவை பூஞ்சையைப் பெரிதும் சார்ந்துள்ளன. பூஞ்சையின் நுண்ணிழைகள் வேர் எட்டாத இடம்வரை பரவி மணிச்சத்து, துத்தநாகம், தாமிரம் ஆகியவற்றைக் கொண்டு வருகின்றன. வேர்ச் செல்லுக்குள் இவ்விழைகள் சிறு மரம்போலக் கிளைக்கின்றன. பண்டமாற்று அங்கேதான் நடக்கிறது. இதற்கு ஈடாக, சர்க்கரையையும் கொழுப்பையும் மரம் பூஞ்சைக்குத் தருகிறது.

நாற்றங்கால் தந்த பாடம்

அமெரிக்காவின் எலுமிச்சை இன நாற்றங்கால்களில் நோய்க்கிருமிகளை அழிக்க மெத்தில் புரோமைடு போன்ற நச்சுப்புகைகள் மண்ணில் செலுத்தப்பட்டன. தூய்மையான அம்மண்ணில் கன்றுகள் செழிக்கவில்லை, மாறாகக் குன்றிப்போயின. மண்ணில் எஞ்சிய நஞ்சே காரணம் என்று கருதப்பட்டது. நோய்க்கிருமிகளோடு நன்மை செய்யும் பூஞ்சையும் அழிந்ததே காரணம் என்பதை 1972இல் கிளைன்சுமிட், கெர்டெமன் ஆகிய இருவரும் காட்டினர். பூஞ்சையைத் திரும்பச் சேர்த்தபோது கன்றுகள் வளர்ந்தன.

தமிழ்நாட்டில் பயன்பாடு

தமிழ்நாட்டில் புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற ஊர். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேர் உட்பூசணத்தை உயிர் உரமாகப் பரிந்துரைக்கிறது. உயிருள்ள வேர் இல்லாமல் இப்பூஞ்சை பெருகாது. ஆகவே மக்காச்சோளம் போன்ற பயிரின் வேரில் வளர்த்தே இதைப் பெருக்குகின்றனர். விதைக்கும்போதோ கன்று நடும்போதோ, வேர் தொடும்படி இடுவதே சிறந்தது.

கவனிக்க வேண்டியவை

மணிச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் வேரில் பூஞ்சை பரவுவது குறையும். சில பூஞ்சைக்கொல்லிகளும் இதை அழிக்கக்கூடும். பூஞ்சை என்றாலே நோய் என்று எண்ணி மண்ணைக் கண்மூடித்தனமாகத் தூய்மை செய்வது, கன்றின் உணவு வழியை அடைப்பதாகவே முடியும்.